முற்றத்துக்கு மேல் கறுப்புத் துணி கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ரியாலிட்டி போட்டிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை ஒளிபரப்பும் சேனல்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் ஷூட்டிங்குக்கு விடப்படும் வீடுகளில் முதலுதவி பார்ப்பவர்கள், சமையல்கட்டுப் பொறுப்பாளர்கள், வீட்டைக் கவனித்துக்கொள்பவர்கள் சேர்ந்து எழுதுவது.

சித்திரை, வைகாசியில் இங்கே எடுக்கவிருக்கும் ஒரு சமையல் போட்டியின் ஏற்பாட்டுப் பட்டியல் எங்கள் கைக்கு வந்தது. எத்தனை ஜெனரேட்டர், எத்தனை கேரவன், எத்தனை வேளை டீ என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. மருத்துவம் என்ற இடத்தில் ஒரே வரி. முதலுதவிப் பெட்டி ஒன்று, பக்கத்து ஆஸ்பத்திரியின் போன் நம்பர். அதோடு போட்டியாளர் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழி ஒன்று. உடம்புக்கு எது வந்தாலும் அவரே பொறுப்பாம். பாதியில் விலகினால் அதுவரை போட்டியிட்ட நாட்களுக்கும் பணம் கிடையாதாம். நிறுவனத்தின் பெயரை நாங்கள் சொல்லப்போவதில்லை. எங்களிடம் வருகிற பட்டியல்கள் பெரும்பாலும் இதே அச்சில்தான் இருக்கின்றன என்பதால் ஒருவரை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். செட்டிநாட்டு வீடு சூட்டை வெளியேற்றுவதற்கென்றே கட்டப்பட்டது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். வளவு என்கிற உள்கட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம்; சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடும். நீங்கள் வந்ததும் செய்கிற முதல் வேலை அந்த முற்றத்துக்கு மேல் கறுப்புத் துணி கட்டுவது. வெயில் நகர்ந்தால் லைட்டிங் மாறிவிடும் என்பது புரிகிறது. அடுத்து, சத்தம் பதிவாகிவிடும் என்று சன்னலையும் பின்வாசலையும் அடைக்கிறீர்கள். டேக் ஓடும்போது மின்விசிறியையும் நிறுத்துகிறீர்கள். அதற்குள் பத்துப் பன்னிரண்டு அடுப்பு, தலைக்கு மேல் விளக்குகள், ஐம்பது அறுபது பேர். கத்திரி வெயில் நாளில் இந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே மூக்கையும் பொத்திவிட்டு, உள்ளே ஒருவரை ஒன்றரை மணி நேரம் ஓடி ஓடிச் சமைக்கச் சொல்கிறீர்கள்.

இந்தச் சூட்டில் உடம்பு இரண்டு விதமாக விட்டுப்போகும். தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, மிகுந்த வியர்வை, ஆனால் புத்தி தெளிவு: இது வெப்பத் தளர்ச்சி. வெளியே காற்றாட அழைத்துவந்து, படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, உப்புக்கரைசல் (ஓஆர்எஸ்) கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். இரண்டாவதுதான் ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்கும். காரணமில்லாத எரிச்சல், கையில் இருப்பதைத் தூக்கி எறிவது, திடீர் அழுகை, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், நடையில் தள்ளாட்டம். இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் ப்ரோமோவில் வருகிறவை எல்லாம் இவைதான். கேமராவுக்கு அது நல்ல காட்சி. நர்ஸுக்கு அது 40 டிகிரி. அந்த நேரத்தில் மூன்றாவது கேமராவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகச் சொல்லிக் குரல் வருகிறதே தவிர, அடுப்பை அணைக்கச் சொல்லி வருவதில்லை.

இதில் தவறிப்போகும் இடங்களும் எங்களுக்குத் தெரியும். தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். ஓடியாடி வேலை செய்து வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். நெற்றிக்கு நேரே பிடிக்கிற துப்பாக்கித் தெர்மாமீட்டரை நம்புகிறார்கள். ஈரமான நெற்றியில் அது உள்வெப்பத்தைவிடக் குறைத்தே காட்டும். மூன்றாவது தவறு எல்லாவற்றிலும் பெரியது. உடனே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஹீட் ஸ்ட்ரோக்கில் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி. விழுந்த அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கியாக வேண்டும். அதற்கு வேண்டியது பெரிய கருவி ஒன்றுமில்லை: ஒரு முரட்டுப் படுதா, ஐம்பது கிலோ ஐஸ், நூறு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், ஆறு பேர். படுதாவின் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டி போலாக்கி, ஆளை உள்ளே படுக்கவைத்து, ஐஸ் தண்ணீரை உடம்பின்மேல் அலையவிட வேண்டும். ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்து வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உள்வெப்பம் 39-க்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதை மலக்குடல் தெர்மாமீட்டரில்தான் பார்க்க முடியும், ஆகவே அது தெரிந்த ஆள் தளத்தில் இருக்க வேண்டும். வஞ்சிர மீன் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று தட்டு தட்டாக ஐஸ் இறக்குகிறீர்கள். மனிதருக்கு ஒரு பெட்டி தனியாக வைத்தால் பட்ஜெட் இடிந்துவிடாது.

உப்புக்கரைசல் விஷயமும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி 20.5 கிராம் பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். தளத்தில் கையில் கிடைப்பது அரை லிட்டர் பாட்டில் என்பதால் ஒரு பாக்கெட்டை அதிலேயே கொட்டிக் குலுக்கிக் கொடுக்கிறார்கள். இருமடங்கு அடர்த்தியில் அது தாகத்தை ஏற்றும், குமட்டலைக் கூட்டும். டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி அடுக்கி வைப்பது இன்னொன்று. அந்தக் கலவைக்கு உட்படாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரையே போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டுவிட்டது. உங்கள் வாங்கும் பட்டியல் இன்னும் பழைய பட்டியல்தான்.

விறகடுப்பு, கரியடுப்பு வைத்து ‘பாரம்பரியச் சுற்று’ எடுக்கும்போது சூட்டைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. மணமில்லாத வாயு. தலைவலி, அசதி, குமட்டல் என்றுதான் தொடங்கும். உடனே விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, 98 இருக்கிறது, ஒன்றுமில்லை, போய் நில்லுங்கள் என்கிறார்கள். சாதாரண ஆக்ஸிமீட்டரால் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் 98 காட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி என்றால் முதலில் எல்லாரையும் வெளியேற்றிக் கதவைத் திறக்க வேண்டும். இந்த ஊரில் கல்யாணத்துக்குக் கோட்டை அடுப்பை வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் வெட்டுவது ஏன் என்று எந்த மாஸ்டரைக் கேட்டாலும் சொல்லுவார்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு. எண்ணெயோ கஞ்சியோ சிந்தினால் அது கண்ணாடி. அதன்மேல் வெறுங்காலோடு, கையில் கொதிக்கும் சட்டியோடு, ‘இன்னும் பத்து செகண்ட்’ என்று கத்தி ஓடவிடுகிறீர்கள். விழுந்து கணுக்கால் பிசகினால் பார்க்க வேண்டியது எளிது: நாலு எட்டு ஊன்றி நடக்க முடிகிறதா, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா. நடக்க முடியவில்லை அல்லது எலும்பில் வலி என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் திரும்பி நிற்கக் கூடாது. நடப்பது என்னவென்றால் ஒரு ஸ்பிரே, ஒரு வலி ஊசி, ‘முடிவு அறிவிப்பு வரைக்கும் மட்டும் நில்லுங்க’. வியர்த்து நீர்வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வலி தெரியாமல் நிற்கும் கால் இன்னும் மோசமாக முறியும். தலையில் அடி என்றால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. இதில் பேரமே கிடையாது. கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டிலிருந்து தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். அந்த விதி வந்ததால் ஆட்டம் சுவையிழந்துவிடவில்லை.

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம். ஐஸ் கூடாது, பற்பசை, மாவு, இங்க் எதுவும் கூடாது. வளையலையும் மோதிரத்தையும் வீங்குமுன் கழற்றிவிட வேண்டும். நீங்கள் கொடுப்பது இரண்டு நிமிடம். கடிகாரம் ஓடுகிறதாம்.

சர்க்கரை நோயாளிகள் எல்லாப் போட்டியிலும் இருக்கிறார்கள், படிவத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று கால்ஷீட்டில் போட்டுவிட்டு நாலு மணிக்கு இலை போட்டால், காலையில் மாத்திரை போட்டவருக்கு அல்லது இன்சுலின் குத்தியவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பிரித்து உபயோகிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். போனையும் மருந்துப் பையையும் சேர்த்துப் பூட்டி வைக்கிற உங்கள் வழக்கத்தில், அது கேரவனில் வெந்துகொண்டிருக்கிறது.

போட்டியாளர்கள் நோயை மறைக்கிறார்கள் என்பது உங்கள் தரப்புக் குற்றச்சாட்டு. உண்மைதான், மறைக்கிறார்கள். அந்தப் படிவம் யார் கைக்குப் போகிறது? கிரியேட்டிவ் டீம் கைக்கு. அவர்கள் அதில் கதை தேடுகிறார்கள். வலிப்பு நோய் என்று எழுதினால் ஒன்று வீட்டுக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் சோக இசையோடு அரை எபிசோட் ஓட்டுவார்கள். இரண்டில் எதற்கும் விருப்பமில்லாதவர் ‘இல்லை’ என்று டிக் அடிக்கிறார். படிவம் மருத்துவரிடம் மட்டும் போகும், அவர் ‘போட்டியிடலாம், போட்டியிடக் கூடாது, இன்ன ஏற்பாட்டோடு போட்டியிடலாம்’ என்ற மூன்றில் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்வார் என்று வைத்துப் பாருங்கள். உண்மை தானாக வரும்.

எங்கள் முழு வழக்கும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? தளத்தில் நிற்கும் முதலுதவி ஆளுக்குத் தினக்கூலி கொடுப்பவர் புரொடக்ஷன் மேனேஜர். அந்த ஆள் ‘போதும்’ என்றால், மேனேஜர் இணை இயக்குநரைக் கேட்பார், அவர் இயக்குநரைக் கேட்பார், இயக்குநர் ‘இந்த ரவுண்டு முடியட்டும்’ என்பார். இதயம் நின்றுவிட்டால் இந்த ஏணியில் ஏறி இறங்க நேரமிருக்காது. நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். பிரான்சின் ‘கோ-லாந்தா’ நிகழ்ச்சியில் 2013-இல், படப்பிடிப்பின் முதல் நாளிலேயே கயிறு இழுக்கும் போட்டிக்குப் பிறகு ஒரு போட்டியாளருக்கு இதயம் நின்று உயிர் போனது. அந்தப் பருவத்தையே கைவிட்டார்கள். அமெரிக்க ‘சர்வைவர்’ 2016-இல் ஒளிபரப்பான பருவத்தில் வெயிலில் மணலைத் தோண்டும் டாஸ்க்கில் மூன்று பேர் சுருண்டு விழுந்தார்கள், ஒருவரை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவக் குழுவும் ஹெலிகாப்டரும் இருந்தன. இங்கே மதுரைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்.

வெளிநாட்டைச் சொன்னால் உங்களுக்குக் கசக்கலாம். பக்கத்திலேயே சிராவயல் இருக்கிறது. தை மாதம் மஞ்சுவிரட்டுக்குத் திடலில் இறங்குகிற இளைஞர் பெயரைப் பதிந்து, மருத்துவப் பரிசோதனை முடித்து வர வேண்டும். மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் நிற்க வேண்டும். 2017-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதிகள் அப்படி. அங்கும் குத்துப்படுகிறார்கள், உயிரும் போகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் மாட்டின் முன் நிற்பவருக்கு இருக்கிற ஏற்பாடு, மைக்கின் முன் நிற்பவருக்கு இல்லை என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

இனி விலகல். உடல்நலக் குறைவால் விலகுவதற்கு உங்களிடம் எழுதிவைத்த விதி இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு பருவத்தில் விலகியவரை வைல்டு கார்டில் திரும்பக் கொண்டுவருகிறீர்கள், இன்னொன்றில் கதவைச் சாத்துகிறீர்கள். ஒருமுறை எலிமினேஷன் ரத்து, மறுமுறை ஏற்கெனவே வெளியேறியவர் திரும்பி வருகிறார். எந்த வரிசையில் என்று யாருக்கும் தெரியாது. எபிசோட் முன்கூட்டியே எடுக்கப்பட்டதால், விலகிப் போய்விட்டவருக்கு ஜனங்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தெளிவாகச் செய்ய வழி இருக்கிறது. பிரிட்டனின் கேக், ரொட்டி சுடும் போட்டியான ‘பேக் ஆஃப்’ 2022 பருவத்தில் இரண்டு பேர் உடல்நலமில்லாமல் ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் யாரையும் வெளியேற்றவில்லை; அடுத்த வாரம் இரண்டு பேரை வெளியேற்றினார்கள். கணக்கு நேராகிவிட்டது. அந்நாட்டின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ நடனப் போட்டியில் உடம்பு முடியாமல் ஒரு வாரம் ஆடாதவரை அப்படியே அடுத்த வாரத்துக்கு அனுப்புகிறார்கள். இப்படி வைத்தால் பொய்க் காய்ச்சல் சொல்லித் தப்பிப்பார்களே என்பீர்கள். ஒரு பருவத்துக்கு ஒருமுறைதான், சுயேச்சையான மருத்துவர் எழுதித் தந்தால்தான் என்று சொல்லிவிட்டால் பொய்க் காய்ச்சல் இரண்டாம் வாரம் எடுபடாது.

விலகியவரைக் காட்டுகிற விதம் அதைவிட மோசம். ‘தாக்குப்பிடிக்க முடியாமல் ஓடினார்’ என்ற ப்ரோமோ, ஸ்ட்ரெச்சரில் முகம் தெரிகிற ஷாட், மருத்துவ அறிக்கையைத் தொகுப்பாளர் வாசிப்பது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், மனநல மையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் படமோ தகவலோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குப் போகக் கூடாது என்கிறது. முதல் நாள் நாற்பது பக்க ஒப்பந்தத்தில் வாங்கிய ஒரே கையெழுத்தை அந்தச் சம்மதமாகக் காட்டாதீர்கள். பிரிட்டனில் நிகழ்ச்சிகளில் பங்கேற்பவர்களின் நலனில் உரிய அக்கறை காட்டியாக வேண்டும் என்ற ஒழுங்குமுறை ஆணைய விதி 2021 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. ‘லவ் ஐலண்ட்’ தயாரிப்பாளர்கள் நிகழ்ச்சி முடிந்தபின் குறைந்தது எட்டு ஆலோசனை அமர்வுகள் தருவதாக 2019-லேயே அறிவித்தார்கள். நம் ஊரில் நிகழ்ச்சி முடிந்தால் கிடைப்பது ஒரு பொன்னாடை, ஒரு வாட்ஸ்அப் குரூப்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒலி-ஒளித் தயாரிப்பு என்ற வரையறையில் ரியாலிட்டி ஷோவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. போட்டியாளர் அதன்படி தொழிலாளியா என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும்; லைட்பாய்க்கும் சமையல் உதவியாளருக்கும் அதே சூடுதான். குழந்தைகள் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. 2017-இல் திருத்திய விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பாட்டுப் போட்டிப் பிள்ளைகள் நள்ளிரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு முடிவுக்காக நிற்பதைப் பார்க்கும்போது இந்த விதியை உங்களில் யாராவது படித்தார்களா என்ற சந்தேகம் வருகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. தளத்தில் எம்.பி.பி.எஸ். படித்த மருத்துவர் ஒருவர் படப்பிடிப்பு முழுக்க இருக்க வேண்டும். அவருக்குப் பணம் தயாரிப்புக் குழுவிடமிருந்து வராமல் சேனலிலிருந்து நேராக வர வேண்டும். அவர் ‘நிறுத்து’ என்றால் இயக்குநரைக் கேட்காமலே நிற்க வேண்டும், இது எல்லார் ஒப்பந்தத்திலும் எழுதப்பட வேண்டும். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி, ஆக்ஸிஜன், மலக்குடல் தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், அட்ரினலின், ஸ்பேசரோடு ஆஸ்துமா பம்ப், படுதா, ஐஸ் பெட்டி ஆகியவை கேமரா வந்து இறங்குவதற்கு முன் வந்திருக்க வேண்டும். 108-ஐ நம்பி உட்காராமல், ஒரு ஆம்புலன்ஸ் வண்டி முன்பக்கம் தெருவைப் பார்த்து, சாவியோடும் ஓட்டுநரோடும் நிற்க வேண்டும். ஜெனரேட்டர் வண்டி அதன் வழியை மறிக்கக் கூடாது. மருத்துவப் படிவம் மருத்துவர் கையைத் தாண்டக் கூடாது. மருந்துப் பையைப் பூட்டக் கூடாது.

விலகல் விதியை முதல் எபிசோடுக்கு முன் போட்டியாளருக்கும் பார்வையாளருக்கும் வெளியிடுங்கள்: எத்தனை வாரம் விடுப்பு, மாற்று ஆள் எந்த வரிசையில், ஓட்டு என்ன ஆகும் என்று. மருத்துவக் காரணத்தால் விலகுகிறவருக்கு அன்றுவரை உள்ள பணத்தை முழுதாகக் கொடுங்கள், சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் விலகும் காட்சியை அவர் பார்த்துச் சம்மதித்த பிறகு ஒளிபரப்புங்கள். நிகழ்ச்சி முடிந்தபின் மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை அரசின் இலவச டெலி-மானஸ் எண் 14416-ஐயாவது தங்கும் அறைக் கதவில் ஒட்டுங்கள், பேசுவதற்குப் போனையும் கொடுங்கள்.

கத்திரி முடியும்வரை பகல் 12 முதல் மூன்றரை வரை அடுப்பு டாஸ்க் வைக்காதீர்கள். மற்ற நேரத்தில் ஒவ்வொரு நாற்பது நிமிடத்துக்கும் ஒருமுறை அந்தக் கறுப்புத் துணியை விலக்கிப் பின்வாசலைத் திறந்துவிடுங்கள். துணியை ஒரே இழுப்பில் விலக்கும்படி கயிறும் கப்பியும் போட்டுத் தர எங்கள் ஆட்கள் தயார், அதற்குக் கூலி வேண்டாம்.

எங்களுக்குத் தனியாகப் பதில் கடிதம் வேண்டியதில்லை. அடுத்து வருகிற ஏற்பாட்டுப் பட்டியலில் மருத்துவம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். பழைய ஒரே வரிதான் என்றால், அந்தப் படப்பிடிப்புக்கு எங்களில் யாரும் வேலைக்கு வரமாட்டோம்.